ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு போன்

கூட்டத்துக்கு முந்தின நாள் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் ஃபைலைப் பிரித்து, ஆய்வில் சேருகிறவர்களுக்குக் கொடுக்கும் நோயாளி தகவல் தாளின் கடைசிப் பக்கத்தில் ‘அவசரத்துக்கு’ என்று போட்டிருக்கும் எண்ணுக்கு போன் போட்டுப் பார்ப்பேன். சில வருஷமாக இது பழக்கமாகிவிட்டது. அப்படிச் செய்யச் சொல்லி எந்த விதியிலும் இல்லை.

சேலத்தில் ஒரு மருத்துவமனையின் எத்திக்ஸ் கமிட்டியில் நான் சாமானிய உறுப்பினர். ‘நெறிமுறைக் குழு’ என்று எழுதுவார்கள். வாயில் வருவது எத்திக்ஸ் கமிட்டிதான். மனிதர்களிடம் ஒரு புது மருந்தைச் சோதித்துப் பார்க்க வேண்டுமென்றால் முதலில் இந்தக் குழு படித்துப் பார்த்து ஒப்புதல் தர வேண்டும். குறைந்தது ஏழு பேர் வேண்டும், அதில் பாதிப் பேர் அந்த நிறுவனத்தில் வேலை பார்க்காதவர்களாக இருக்க வேண்டும், தலைவரும் வெளியாளாக இருக்க வேண்டும். டாக்டர்கள், மருந்தியல் படித்தவர், வழக்கறிஞர், சமூகவியல் பேராசிரியர் இவர்களோடு மருத்துவமே தெரியாத ஒருவரும் உட்கார்ந்தாக வேண்டும். அந்த நாற்காலிதான் என்னுடையது. முப்பத்தோரு வருஷம் தமிழாசிரியையாக இருந்தேன். அதில் பாதிக்கு மேல் சேர்வராயன் மலையில், பழங்குடிப் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் ஒரு பள்ளியில்.

உறுப்பினராகச் சேரும்போது ரகசியம் காப்பேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதனால் இங்கே வரும் ஆய்வு, நோய், ஊர், ஆள் எதையும் அடையாளம் தெரியாதபடி மாற்றித்தான் சொல்கிறேன்.

வருகிற விண்ணப்பம் எல்லாவற்றையும் ஒரே மாதிரி பார்ப்பதில்லை. ஏற்கெனவே பொதுவில் கிடைக்கும், யாருடையது என்று தெரியாத தகவல்களை அலசுவதென்றால் விலக்கு உண்டு. ஆபத்து மிகக் குறைவு என்றால் இரண்டொருவர் விரைவாகப் பார்த்து முடித்துவிடலாம். அதற்கு மேலே போனால் முழுக் குழுவும் கூட வேண்டும். ஐந்து பேருக்குக் குறைந்தால் கூட்டம் செல்லாது. ஐ.சி.எம்.ஆர். என்ற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் ஆபத்தை நான்கு படியாகப் பிரித்திருக்கிறார்கள். அதில் ‘குறைந்தபட்ச ஆபத்து’ என்பதற்குத் தரும் விளக்கம், ஆரோக்கியமாக இருக்கும் சராசரி மனிதர் ஒருவர் தன் அன்றாட வாழ்க்கையில் சந்திப்பதைவிடக் கூடுதலாக இல்லாத ஆபத்து என்பது.

அந்த வரியை முதல் தடவை படித்தபோதே என் மனசு மலைக்குப் போய்விட்டது. அன்றாடம் என்றால் யாருடைய அன்றாடம்? சேலம் டவுனில் அஸ்தம்பட்டியில் பேங்க் வேலை பார்ப்பவருடையதா, தை மாசியில் சில்வர் ஓக் மரத்தில் மூங்கில் ஏணியைச் சாத்தி, இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு உச்சிக் கொடிவரை போய் மிளகு பறிப்பவருடையதா? ஏற்கெனவே ஆபத்தில் இருக்கிறவர் இன்னும் கொஞ்சம் தாங்குவார் என்று யாராவது அந்த வரிக்குப் பொருள் சொன்னால் அது பெரிய அநியாயம். வழிகாட்டுதல் சராசரி மனிதர் என்று சொல்வதே அதற்காகத்தான் என்று வழக்கறிஞர் அம்மா எனக்கு விளக்கினார். ஆனாலும் ஃபைல் எழுதுகிறவர்களின் கண்ணில் அந்த ஏணி படுவதே இல்லை.

போன் பழக்கம் எப்படி வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். நான் குழுவில் சேர்ந்த புதிதில் ஒரு சர்க்கரை மருந்து ஆய்வு வந்தது. ஆபத்து அதிகம் என்று முழுக் குழுவுக்கு வந்த ஃபைல்தான். தமிழ்த் தாளை நான்தான் வரிவரியாகத் திருத்தினேன். சந்திப்பிழைகூட விடவில்லை. கடைசிப் பக்கத்தில் இருந்த எண்ணையும் பார்த்தேன். அதில் திருத்த ஒன்றும் இல்லை என்று பக்கத்தைத் திருப்பிவிட்டேன்.

ஆய்வில் சேர்ந்தவர்களில் ஒருவர் ஏற்காட்டிலிருந்து இன்னும் உள்ளே போகும் ஒரு மலைக் கிராமத்துக்காரர். மழைக்காலம். ஒரு ராத்திரி பத்து மணிக்கு வியர்த்துக் கொட்டி, பேச்சு குழறி விழுந்துவிட்டார். சர்க்கரை இறங்கியிருக்கிறது. மறுநாள் காலை ஒன்பது மணிக்குத்தான் கீழே கொண்டுவந்து சேர்த்தார்கள். பிழைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் சேர்க்கும்படி ஆனதால் அது கடுமையான பாதக நிகழ்வு, எஸ்.ஏ.இ.; நடந்த 24 மணி நேரத்துக்குள் ஆய்வாளர் அறிவிக்க வேண்டும் என்பது புது மருந்துச் சோதனைகளுக்கான 2019 விதிகள். அன்று மாலையே அறிக்கை எங்களுக்கு வந்துவிட்டது. எல்லாம் விதிப்படி சரி. அறிக்கைக்கு நேரக்கெடு இருந்தது; ஆளைக் கொண்டுவந்து சேர்க்க எவ்வளவு நேரம் என்று அந்த ஃபைலின் முந்நூறு பக்கத்தில் ஒரு வரி இல்லை. நாங்களும் கேட்கவில்லை.

குழு நேரில் போய்ப் பார்க்கவும் விதியில் இடமுண்டு. சமூகவியல் பேராசிரியரும் நானும் போனோம். அந்த வீட்டம்மா எனக்கு முகம் தெரிந்தவர். அவர் மகள் என்னிடம் படித்தவள். சமையல்கட்டில் உத்தரத்தில் செருகி வைத்திருந்த பிளாஸ்டிக் உறையை எடுத்துப் பிரித்தார். உள்ளே நான் திருத்திய அதே தாள். புகை படிந்து ஓரம் மஞ்சளாகியிருந்தது. எண்ணை மட்டும் பேனாவால் சுற்றிக் கோடு போட்டு வைத்திருந்தார்கள்.

“இந்த நம்பருக்குத்தான் டீச்சர் போட்டோம். இங்க சிக்னல் எடுக்காது, பையன் பாறை மேல ஏறி நின்னு போட்டான். அடிச்சுக்கிட்டே இருந்துச்சு, யாரும் எடுக்கல. ஆபீசுல தூங்கியிருப்பாங்கன்னு மறுபடி மறுபடி போட்டான்.”

அது ஆராய்ச்சிப் பிரிவின் மேஜை போன். சாயங்காலம் ஐந்து மணிக்குப் பூட்டிவிட்டுப் போய்விடும் அறை. 108-க்கு ஏன் போடவில்லை என்று கேட்டேன். “இந்த மாத்திரைக்கு இங்கதான் போடணும்னு பேப்பர்ல இருந்துச்சே” என்றார். அந்த வாக்கியத்தை எழுதியது ஆய்வுக்காரர்கள். அழகாக்கிக் கொடுத்தது நான்.

கோபம் கோபமாக வந்தது. ஆய்வாளர் மேலும், அதைவிட அதிகமாக என் மேலும். அந்தப் பையன் மழையில் பாறை மேல் நின்ற நேரத்தில், அந்தத் தாளைப் படித்து ‘சரி’ என்று கையெழுத்துப் போட்டவள் அஸ்தம்பட்டி வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு வந்த ஆய்வுகளில் ஒன்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஒரு புது மருந்து, நிறைய நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்க்கும் மூன்றாம் கட்ட ஆய்வு. பாதிப் பேருக்குப் புது மருந்து, பாதிப் பேருக்கு இப்போது கொடுக்கும் மருந்து. யாருக்கு எது என்பது குலுக்கலில் விழும். நோயாளிக்கும் தெரியாது, கொடுக்கும் டாக்டருக்கும் தெரியாது. பத்து நாள் முன்னதாகவே ஃபைல் வீட்டுக்கு வந்துவிட்டது.

அன்று கூட்டம் மூன்று மணி நேரம் நடந்தது. குழுவில் இருக்கும் ஒரு டாக்டர் இந்த ஆய்வில் துணை ஆய்வாளர். அதைச் சொல்லிவிட்டு எழுந்து வெளியே போய்விட்டார். அப்படிப் போனதைக் குறிப்பேட்டில் எழுதிய பிறகுதான் பேச்சு தொடங்கும். தட்டுவடை செட்டும் டீயும் வந்து ஆறிப்போய் அப்படியே இருந்தன.

முதலில் அறிவியல். இதைப் பலர் எங்கள் வேலை இல்லை என்று நினைக்கிறார்கள். ஆய்வின் அடித்தளமே ஆட்டமாக இருந்தால் அதிலிருந்து உருப்படியாக ஒன்றும் தெரிய வராது. ஒன்றும் தெரிய வராத காரியத்துக்காக ஒருவரை ஆபத்தில் நிறுத்துவது எப்படி நியாயமாகும்? அதனால் விலங்குகளில் என்ன கண்டார்கள், முந்தைய கட்டங்களில் எத்தனை பேருக்கு ரத்தக் கசிவு வந்தது, அளவை எப்படி முடிவு செய்தார்கள் என்று மருந்தியல் பேராசிரியர் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போனார். அவர் எப்போதும் 2006 மார்ச் மாதத்தை நினைவுபடுத்துவார். லண்டன் நார்த்விக் பார்க் மருத்துவமனை வளாகத்தில் டி.ஜி.என்.1412 என்ற மருந்தை முதன்முதலாக மனிதர்களுக்குச் செலுத்தினார்கள். ஆரோக்கியமான ஆறு இளைஞர்கள். விலங்குகளில் பாதுகாப்பு என்று கண்ட அளவில் ஐந்நூறில் ஒரு பங்குதான். ஆனால் ஒருவருக்குப் போட்டு என்ன ஆகிறது என்று பார்க்காமல் சில நிமிட இடைவெளியில் அடுத்தடுத்து போட்டுவிட்டார்கள். ஆறு பேருக்கும் உறுப்புகள் செயலிழந்து தீவிர சிகிச்சைக்குப் போனார்கள். உயிர் தப்பினாலும் ஒருவர் கால்விரல்களையும் கைவிரல்களின் நுனிகளையும் இழந்தார். அதற்குப் பிறகுதான், முதல் தடவை மனிதருக்குப் போகும் மருந்தென்றால் முதலில் ஒரே ஒருவருக்குக் கொடுத்துக் காத்திருந்து பார்ப்பது என்பது எங்கும் கண்டிப்பானது. மருந்தின் அளவைவிட இரண்டு ஊசிகளுக்கு இடையில் எவ்வளவு நேரம் என்பதில் ஆறு உயிர்கள் தொங்கியிருக்கின்றன என்று அவர் சொல்லும்போது ஒவ்வொரு தடவையும் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

அடுத்து, எப்போது நிறுத்துவது. இப்படிப்பட்ட ஆய்வுக்கு வெளியிலிருந்து ஒரு தரவுக் கண்காணிப்புக் குழு இருக்கும். ஆய்வு நடக்கும்போதே யாருக்கு எந்த மருந்து என்பதை அவர்கள் பார்க்கலாம். அது பெயருக்கு இருக்கிறதா, நிறுத்தச் சொன்னால் நிறுத்துவார்களா என்று தலைவர் கேட்டார். நிறுத்திய உதாரணம் உண்டு. இதே மாதிரி ரத்த உறைவைத் தடுக்க வந்த அசுண்டெக்சியன் என்ற மருந்தின் பெரிய ஆய்வொன்றை, 2023 நவம்பரில் கண்காணிப்புக் குழு சொன்னதும் பாதியில் நிறுத்தினார்கள். கசிவு அதிகமானதால் நிறுத்தவில்லை. பக்கவாதத்தைத் தடுப்பதில் பழைய மருந்து அளவுக்கு அது வேலை செய்யவில்லை. நல்லதென்று நம்பிக் கொடுத்த மருந்தே ஒருவரைப் பாதுகாப்பில்லாமல் விட்டுவிடலாம்.

பிறகு தமிழ்த் தாள் என் கைக்கு வந்தது. ‘பங்கேற்பாளருக்கு ரத்தப்போக்கு சார்ந்த பாதக நிகழ்வுகள் ஏற்படக்கூடும்’ என்று இருந்தது. இலக்கணம் சரி. படிக்கிறவருக்கு இதில் என்ன தெரியும்? நான் எழுதிக்கொண்டு போனதைப் படித்தேன்: ‘மூக்கிலிருந்தோ பல் ஈறிலிருந்தோ ரத்தம் வரலாம். வெளிக்குப் போவது தார் மாதிரி கறுப்பாக இருக்கலாம். சின்ன வெட்டுக்கும் ரத்தம் நிற்க வழக்கத்தைவிட நேரமாகலாம். கீழே விழுந்து தலையில் அடிபட்டால் வெளியில் ஒன்றும் தெரியாமல் உள்ளே கசியலாம்; அன்றைக்கே வந்துவிட வேண்டும்.’ இதைப் படித்தால் பயந்து யாரும் சேரமாட்டார்களே என்று ஒரு டாக்டர் சொன்னார். பயந்து சேராமல் போனால் அது அவருடைய உரிமை, தெரியாமல் சேர்ந்துவிட்டால் அது நம்முடைய பொறுப்பு என்று வழக்கறிஞர் அம்மா சொல்லிவிட்டார்.

ஆய்வாளரை உள்ளே அழைத்தார்கள். இளைஞர், நல்லவர், எதையும் மறைக்காமல் பதில் சொன்னார். யாரைச் சேர்க்கக் கூடாது என்ற பட்டியலைக் காட்டினார்: சமீபத்தில் அறுவை சிகிச்சை ஆனவர், தட்டணுக்கள் குறைந்தவர், சிறுநீரகம் பழுதானவர் என்று ஒன்றரைப் பக்கம்.

“டாக்டர், வர்றவரு என்ன வேலை பாக்கறாருன்னு இதுல எங்கயும் கேக்கலயே?” என்றேன்.

“வேலையா மேடம்?”

“உங்க ஓ.பி.க்கு மலையில இருந்து வர்றவங்க பாதிப் பேரு எஸ்டேட்டு ஆளுங்க. ஏணி ஏறி மிளகு பறிப்பாங்க, நிழல் மரத்துக்குக் கிளை கழிப்பாங்க. கையில எப்பவும் கத்தி இருக்கும். உங்க மாத்திரையைப் போட்டுக்கிட்டு முப்பது அடி மேல நிக்கறவருக்கு என்ன சொல்லப் போறீங்க?”

அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “நான் இதை நெனச்சே பாக்கல மேடம்” என்றார். அந்தப் பதிலுக்காக அவர் மேல் எனக்கு மரியாதை கூடியது. புரோட்டோகால் என்ற ஆய்வுத் திட்டத்தை எழுதியது எங்கேயோ ஒரு நாட்டில். அங்கே ஏணி இல்லை.

அடுத்த கேள்வி ராத்திரியைப் பற்றி. ரத்தம் நிற்காமல் வந்தால், உள்ளே போயிருப்பது எந்த மருந்தென்று தெரிந்தால்தான் அதை முறிக்க வழி பார்க்க முடியும். அதற்கு, யாருக்கு எது என்று மறைத்து வைத்திருக்கும் குறியீட்டைப் பிரித்துப் பார்க்க வேண்டும். இரவு இரண்டு மணிக்கு அதை யார் பிரிப்பார்? 108-ல் ஏற்றிப் போகும் வேறு ஆஸ்பத்திரிக்கு அது எப்படித் தெரியும்? மலைப்பாதையே இல்லாமல் போனால் என்ன செய்வது? 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழைக்கு ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்து வண்டிகள் நின்றுபோனதைச் சேலத்துக்காரர் யாரும் மறந்திருக்க முடியாது. ரத்த வங்கியும் ஐ.சி.யு.வும் நம் கட்டடத்தில் இருக்கின்றன என்று ஃபைலில் படம் போட்டுக் காட்டியிருந்தார்கள். இருபது கொண்டை ஊசி வளைவுக்கு மேலே இருப்பவருக்கு அந்தப் படத்தால் என்ன பலன்?

ஆய்வாளர் வெளியே போனதும்தான் உண்மையான வாக்குவாதம். “இவ்வளவு சிரமம் எதுக்கு, மலை ஆளுங்களைச் சேக்காம விட்டுடலாமே” என்றார் ஒரு மூத்த டாக்டர். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். நானும் ஒரு நிமிஷம் தலையாட்டிவிட்டேன். சமூகவியல் பேராசிரியர்தான் மறுத்தார். ஆய்வில் சேராதவர்களின் உடம்புக்கு மருந்து எப்படி வேலை செய்யும் என்று கடைசிவரை யாருக்கும் தெரியாது. நாளைக்கு மருந்து கடைக்கு வந்ததும் அதே மிளகுக்காரருக்கும் எழுதிக் கொடுப்பார்கள், அப்போது கேட்க ஒரு குழு இருக்காது என்றார். ஒதுக்குவது சுலபம், அதைப் பாதுகாப்பு என்று சொல்லிக்கொள்வது இன்னும் சுலபம். அவர் சொன்னது சரியென்று இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் முதல் நிமிஷத்தில் எனக்கு அது தோன்றவில்லை என்பது மனதை உறுத்துகிறது.

பழங்குடி மக்களிடம் ஆய்வு செய்ய ஐ.சி.எம்.ஆர். வழிகாட்டுதல் கூடுதலாகச் சிலவற்றைக் கேட்கிறது. ஆய்வின் பலன் அவர்களுக்கும் கிடைக்க வேண்டும், அங்கே போகும் முன் கலெக்டர் மாதிரியான அதிகாரியின் அனுமதி வேண்டும், ஊர்ப் பெரியவரிடம் கேட்க வேண்டும். அவர் சரி என்றாலும் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சம்மதம் வாங்க வேண்டும். இந்தக் கடைசி வரிக்குப் பின்னால் இருப்பதை நான் ஆசிரியையாக இருந்தபோதே பேப்பரில் படித்திருக்கிறேன். 2009-ல் ஆந்திராவின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் 10 முதல் 14 வயதுப் பெண் பிள்ளைகளுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசியை ஒரு ஆய்வுத் திட்டமாகப் போட்டார்கள். ஏழு சிறுமிகள் இறந்த செய்தி வந்ததும் 2010 ஏப்ரலில் திட்டம் நின்றது. அந்த இறப்புகளுக்குத் தடுப்பூசி காரணமில்லை என்றுதான் விசாரணை சொன்னது. அது உயிர் காக்கும் ஊசி, இன்றைக்கு என் பேத்திக்கும் போட்டிருக்கிறோம். ஆனால் சம்மதம் வாங்கிய விதம் தனிக் கதை. 2013-ல் நாடாளுமன்ற நிலைக்குழு அறிக்கையில், ஆந்திராவின் 9,543 படிவங்களில் 2,763-ல் கையெழுத்துப் போட்டது விடுதிக் காப்பாளர்கள் என்று இருந்தது. பெற்றவர்களுக்குத் தெரியாது.

அந்த எண்ணைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. அப்போது நானும் விடுதிப் பிள்ளைகளோடுதான் இருந்தேன். அரசாங்க ஜீப்பில் வந்து, நல்ல ஊசி டீச்சர், இங்கே ஒரு கையெழுத்து என்று நீட்டியிருந்தால் போட்டிருப்பேன். பிள்ளைகளுக்கு நல்லது என்றுதான் போட்டிருப்பேன். அப்பாவும் அம்மாவும் எஸ்டேட்டிலிருந்து வர சனிக்கிழமை ஆகும், அதுவரை ஜீப் நிற்குமா?

நஷ்ட ஈடு பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஆய்வால் காயம் வந்தால் இலவச சிகிச்சை தர வேண்டும், இறந்தால் குடும்பத்துக்குப் பணம் தர வேண்டும் என்று 2019 விதிகளில் ஒரு சூத்திரமே இருக்கிறது. 8 லட்சம் அடிப்படைத் தொகை. அதை வயதுக்கும், ஏற்கெனவே இருந்த நோயின் கடுமைக்கும் ஏற்பப் பெருக்குவார்கள். நோயே இல்லாதவருக்கு 4 மடங்கு, ஆறு மாதம் தாங்கமாட்டார் என்று கணித்தவருக்கு 0.5. அதாவது 65 வயதுக்காரர் திடமாக இருந்தால் 32 லட்சம், ஆறு மாதம் தாங்கமாட்டார் என்றால் 4 லட்சம். கணக்கின் தர்க்கம் புரிகிறது. ஆனால் அந்த ஆறு மாதம் அந்த வீட்டுக்கு என்ன என்பது அந்தச் சூத்திரத்துக்குத் தெரியாது. ஒவ்வொரு தடவையும் காப்பீட்டுத் தாளைப் பார்க்கும்போது இதைக் கூட்டத்தில் சொல்கிறேன். குறிப்பேட்டில் ஏறுகிறது.

ரத்த மருந்து ஆய்வுக்கு அன்று ஒப்புதல் தரவில்லை, நிராகரிக்கவும் இல்லை. திருத்தி மறுபடி முழுக் குழுவுக்குக் கொண்டுவரச் சொன்னோம். சேரும் ஒவ்வொருவரிடமும் தொழிலைக் கேட்டு எழுத வேண்டும். மரம் ஏறுகிறவர் என்றால் மருந்து எடுக்கும் காலம் முழுக்க ஏணி ஏறாமல் இருக்க வேண்டும், அதனால் போகும் கூலியை ஈடுகட்ட வேண்டும். ஆசை காட்டி இழுக்கும் தொகையாக இல்லாமல் எஸ்டேட் கூலிக் கணக்கிலேயே இருக்க வேண்டும். சட்டைப் பையில் வைக்கத் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரு அட்டை தர வேண்டும். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸுக்கு முன்கூட்டியே தகவல் போக வேண்டும். முதலில் 108, பிறகு எங்கள் எண் என்று தாளில் எழுத வேண்டும். அந்த எண் இருபத்து நாலு மணி நேரமும் ஓர் ஆள் கையில் இருக்க வேண்டும்.

இரண்டு மாதம் கழித்துத் திருத்திய ஃபைல் வந்தது. கூட்டத்துக்கு முந்தின நாள் ராத்திரி ஒன்பதேகாலுக்கு போன் போட்டேன். மூன்றாவது மணியில் ஒரு பெண் எடுத்தாள். பெயரைச் சொன்னதும், “நீங்க போடுவீங்கன்னு சார் சொல்லியிருந்தாரு டீச்சர்” என்றாள். நன்றி சொல்லி வைத்துவிட்டு, காலை இரண்டரை மணிக்கு அலாரம் வைத்துப் படுத்தேன்.

இரண்டரைக்கு வீட்டுக்காரருடைய போனை எடுத்து, அதிலிருந்து போட்டேன். ஐந்து தடவை அடித்தது. தூக்கம் கலையாத குரலில் ஒரு பையன் எடுத்தான்.

“சொல்லுங்க, எந்த ஊரு? 108-க்குச் சொல்லிட்டீங்களா? அவருக்கு நெனவு இருக்கா?”